மொம்பாசாவிலிருந்து கிகாலி வரை: தாரும் தண்டவாளமும் மட்டும் போதாது

கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் சரக்கேற்றி மேற்கே கிளம்பும் கண்டெய்னர் லாரிகள், முப்பது நாற்பது கிலோமீட்டர் போனதும் மாரியகானி எடைமேடையில் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொரு அச்சின் பாரமும் நிறுக்கப்படும். அளவு மீறினால் அபராதம். உகாண்டாவுக்கோ ருவாண்டாவுக்கோ போகிற கண்டெய்னராக இருந்தால், கதவில் பூட்டு மாதிரி ஒரு மின்னணு சீல் தொங்கும். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, வழியில் யாராவது கதவைத் திறக்கப் பார்த்தார்களா என்பதையெல்லாம் அது மூன்று நாடுகளின் வரித்துறைக்கும் தெரிவித்துக்கொண்டே போகும். மொம்பாசாவிலிருந்து கம்பாலா சுமார் 1,170 கிலோமீட்டர். அங்கிருந்து கிகாலி வரை சேர்த்தால் 1,700 வரை வரும். கடற்கரையே இல்லாத உகாண்டாவின் பெட்ரோல், உரம், கோதுமை, சிமெண்ட் கிளிங்கர், துணிமணி, மருந்து இவற்றில் பெரும்பங்கும், அதுபோலவே கடலில்லாத ருவாண்டாவின் சரக்கில் ஒரு பங்கும் இந்தப் பாதையில்தான் ஏறி வருகின்றன. வடக்குத் தாழ்வாரம் என்று வணிக ஆவணங்கள் இதைச் சொல்கின்றன. அண்டை நாடுகள் பொருளாதாரத்தில் ஒன்றுசேர்வது என்றால் என்ன, அது எதனால் நடக்கிறது, எதனால் நின்றுபோகிறது என்று பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பாதை கிடைக்காது. சாலை போட்டாலோ ரயில் விட்டாலோ பொது நாணயத்துக்குத் தேதி குறித்தாலோ அந்த ஒருங்கிணைப்பு வந்துவிடாது. பக்கத்து நாட்டு வாசல் நாளைக்கும் திறந்திருக்கும் என்று வியாபாரி நம்பக்கூடிய நிலை வந்தால்தான் வரும். இந்தப் பாதை நெடுகக் கிடைக்கும் சான்றுகள் அதைத்தான் காட்டுகின்றன.

பாதையின் பூர்வீகத்தில் இந்தியர் பங்கு பெரிது. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கரை வரை பிரிட்டிஷார் போட்ட உகாண்டா ரயில்வேயில் ஏறக்குறைய 32,000 இந்தியத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள், பெரும்பாலோர் பஞ்சாபிகள். சுமார் 2,500 பேர் அங்கேயே மாண்டார்கள். நைரோபி என்ற ஊரே 1899இல் ரயில்வே முகாமாகத் தோன்றியதுதான். கூலியோடு நாணயமும் கடல் கடந்தது: 1920 வரை கிழக்கு ஆப்பிரிக்காவில் செல்லுபடியான பணம் இந்திய ரூபாய். பிறகு கென்யா, உகாண்டா, டாங்கனிகா (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) மூன்றுக்கும் பொதுவான கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங் வந்தது. கென்யாவும் உகாண்டாவும் 1917இலேயே ஒரே சுங்க எல்லைக்குள் வந்துவிட்டன. 1927இல் டாங்கனிகாவும் சேர்ந்தது. பொதுச் சுங்கம், பொதுப் பணம், பொது ரயில், பொது அஞ்சல் என எல்லாமே அன்றைக்கு இருந்தன. ஆனால் அந்த ஒற்றுமையை அங்கிருந்த மக்கள் யாரும் கேட்டு வாங்கவில்லை. அதன் பலனும் நைரோபியைச் சுற்றிக் குடியேறியிருந்த வெள்ளையர்களின் பண்ணைகளுக்கும் ஆலைகளுக்குமே அதிகம் போய்ச் சேர்ந்தது.

சுதந்திரத்துக்குப் பின் 1967இல் மூன்று நாடுகளும் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற அமைப்பை உண்டாக்கியபோது இந்தக் குறை அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தொழில் வளர்ச்சியில் பின்தங்கிய உகாண்டாவும் தான்சானியாவும் கென்யப் பொருள்கள் சிலவற்றின் மீது வரி போட்டுக்கொள்ள அனுமதி தரப்பட்டது. கம்பாலாவைத் தலைமையகமாகக் கொண்டு தொடங்கிய கிழக்கு ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி, தன் முதலீட்டில் அந்த இரண்டு நாடுகளுக்கும் தலா 38.75 சதவீதமும் கென்யாவுக்கு 22.5 சதவீதமும் தர வேண்டும் என்று விதி வகுத்தார்கள். காகிதத்தில் இதைவிட நியாயமான ஏற்பாடு கிடைப்பது அரிது. ஆனாலும் அது பத்தே ஆண்டில் உடைந்தது. கென்யா தனியார் முதலாளித்துவத்தையும் அதிபர் நியெரெரேயின் தான்சானியா சோஷலிசத்தையும் பிடித்துக்கொண்டன. 1971இல் உகாண்டாவில் இடி அமீன் ஆட்சியைப் பிடித்தபின் அவரோடு ஒரே மேசையில் உட்கார நியெரெரே மறுத்தார். 1977இல் பொது விமான நிறுவனம் சிதறியது, ரயில் பெட்டிகளை ஆளுக்கு ஆள் பங்கு போட்டுக்கொண்டார்கள், கென்யா–தான்சானியா எல்லை மூடப்பட்டு 1983 வரை மூடியே கிடந்தது. தண்டவாளம், துறைமுகம், சாலை எல்லாம் இருந்த இடத்திலேயேதான் இருந்தன. இல்லாமல் போனது நம்பிக்கை மட்டுமே.

இப்போதிருக்கும் சமூகம் 1999 நவம்பரில் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்தது. 2005இல் சுங்கச் சங்கம், 2010இல் பொதுச்சந்தை. ருவாண்டா, புருண்டி, தென் சூடான், காங்கோ ஜனநாயகக் குடியரசு, சோமாலியா என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து இன்று எட்டு நாடுகள்.

மொம்பாசா–நைரோபி நெடுஞ்சாலையில் போகிறவர் கண்ணில் முதலில் படுவது புதிய ரயில் பாதை. சாவோ வனப் பூங்காவின் செம்மண் சமவெளியில், யானைகள் அடியில் கடந்து போக இடம் விட்டு, உயர்ந்த மேடுகளிலும் பாலங்களிலும் அது ஓடுகிறது. 2017இல் திறக்கப்பட்ட இந்த ஸ்டாண்டர்ட் கேஜ் பாதைக்கு 300 கோடி டாலருக்கு மேல் செலவானது. பெரும்பகுதி சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடன். பயணிகளைப் பொறுத்தவரை வசதிதான்: இரவு முழுக்க இழுத்துக்கொண்டிருந்த பழைய மீட்டர் கேஜ் பயணம் ஐந்து மணி நேரத்தில் முடிகிறது. ஆனால் பாதை போடப்பட்டது சரக்குக்காக. லாரியோடு போட்டி போட முடியாமல் போனதும், இறக்குமதிக் கண்டெய்னர்கள் ரயிலில்தான் நைரோபி போக வேண்டும் என்று அரசு உத்தரவே போட்டது. மொம்பாசாவில் வேலை போயிற்று என்று அங்கே கொந்தளிப்பு. 2022இல் ஆட்சிக்கு வந்த வில்லியம் ரூட்டோ சரக்கு விடுவிப்பை மீண்டும் மொம்பாசாவுக்கே கொண்டுவந்தார். இதற்கிடையில் பாதை மேலும் 120 கிலோமீட்டர் நீட்டப்பட்டு, 2019இல் நைவாஷா அருகே ஒரு புல்வெளியில் வந்து நின்றது. உகாண்டா எல்லை அங்கிருந்து இன்னும் பல நூறு கிலோமீட்டர். கண்டெய்னரை அங்கே இறக்கி, நூற்றாண்டு கண்ட மீட்டர் கேஜ் வண்டியில் மாற்றி ஏற்ற வேண்டும். கேஜ் மாற்றத்தின் தொல்லை என்னவென்று தமிழ்நாட்டு ரயில் பயணிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. இறக்குமதிப் பொருள்கள் மீது 2013 முதல் போட்ட ரயில்வே வளர்ச்சித் தீர்வையை, ரயிலை ஒருநாளும் பார்த்திராத கென்யக் குடும்பமும் பொருளின் விலையோடு சேர்த்துக் கட்டுகிறது.

“அப்படியானால் தண்டவாளமே வேண்டாமா? பள்ளமும் குழியுமான சாலையில் நம்பிக்கையை ஏற்றிக்கொண்டு போக முடியுமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜின்ஜாவில் நைல் நதியைக் கடக்க 1954ஆம் ஆண்டு அணைக்கட்டின் மேல் போகும் குறுகலான பாதையையே எல்லா வண்டிகளும் நம்பியிருந்தன. 2018இல் ஜப்பானியக் கடனில் கட்டிய 525 மீட்டர் புதிய பாலம் திறந்தது. அதன் பயனை யாரும் மறுக்க முடியாது. கட்டுமானம் வேண்டும்தான். கேள்வி முன்பின் வரிசை பற்றியது. சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தப் பாதையில் நேர்ந்த மிகப் பெரிய முன்னேற்றம் எது என்று கேட்டால், அது பல கோடி டாலர் ரயில் தந்ததில்லை. மலிவாக முடிந்த ஒரு காகித மாற்றம் தந்தது.

மொம்பாசாவில் இறங்கி உகாண்டாவுக்குப் போகும் கண்டெய்னர் முன்பெல்லாம் பட்ட பாட்டைப் பார்த்தால் இது விளங்கும். துறைமுகத்தில் ‘டிரான்சிட்’ என்று ஒரு முறை அறிவிப்பு; வழியில் கென்யாவுக்குள்ளேயே சரக்கை இறக்கி விற்றுவிடாமலிருக்க ஒரு பாண்டு; எல்லையில் கென்யச் சுங்கத்தில் ஒரு வரிசை, நூறு அடி தள்ளி உகாண்டாச் சுங்கத்தில் இன்னொரு வரிசை; கம்பாலா போய் வரி கட்டிய பிறகே பாண்டு பணம் விடுபடும். அதுவரை வியாபாரியின் முதல் முடங்கிக் கிடக்கும். அதற்கு வட்டி ஓடும். 2014இல் ஒரே சுங்கப் பரப்பு என்ற முறை வந்தது. உகாண்டா வரித்துறையின் அதிகாரிகளே மொம்பாசாவில் வந்து உட்கார்ந்தார்கள். இறக்குமதியாளர் கம்பாலாவில் இருந்தபடியே வரியைக் கட்டிவிடுகிறார். சரக்கு துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போதே அதன் கணக்கு முடிந்துவிடுகிறது. மொம்பாசா–கம்பாலா பயணம் 18 நாளிலிருந்து 4 நாளாகக் குறைந்தது என்பது வட்டார அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. இது நல்ல நாளின் கணக்கு. எல்லா நாளும் நல்ல நாளாக இருப்பதில்லை. பாதி தள்ளுபடி செய்து பார்த்தாலும் மீதியே பெரிய லாபம்.

கென்யா–உகாண்டா எல்லையில் இந்தப் பாதைக்கு மாலாபா, புசியா என்று இரண்டு வாசல்கள். புசியாவில் இரண்டு பக்கமும் ஊரின் பெயர் ஒன்றே. நடுவில் கோடு மட்டும். 2018இல் முறைப்படி திறந்த ஒற்றை நிறுத்தச் சாவடியில், கென்யாவை விட்டுப் போகும் வண்டி கென்யப் பக்கம் நிற்பதே இல்லை. நேரே உகாண்டாப் பக்கம் போய் நிற்கிறது. அங்கே இரு நாட்டு அதிகாரிகளும் அடுத்தடுத்த கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர்த்திசையில் வரும் வண்டிக்கும் இதே முறை. சொல்லும்போது எளிதாக இருக்கிறது. ஆனால் கென்யா அதிகாரி உகாண்டா மண்ணில் நின்று கென்யச் சட்டப்படி ஒருவரைத் தடுத்து நிறுத்தலாமா என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அதற்கென்றே கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் 2016இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு நாடு தன் மண்ணில் பிறநாட்டுச் சீருடைக்கு அதிகாரம் தருவது சின்ன விஷயமில்லை. பொது நாணயத்தைப் பற்றிய மாநாட்டு உரைகளைவிட இந்த இரண்டு கவுண்டர்களில் இருக்கிற ஒருங்கிணைப்பு அதிகம்.

புசியா வாசலில் லாரிகளை விட ஆட்களே அதிகம். முட்டைத் தட்டு, தக்காளிக் கூடை, உலர்ந்த மீன், பழைய துணி மூட்டை இவற்றைத் தலையிலும் சைக்கிளிலும் வைத்துக்கொண்டு ஒரே நாளில் பலமுறை கடக்கிறவர்கள்; பெரும்பாலும் பெண்கள். 2,000 டாலருக்கு உட்பட்ட, இந்த வட்டாரத்திலேயே விளைந்த சரக்குக்கு எல்லையிலேயே தரும் ஒரு எளிய சான்றிதழ் போதும், தீர்வை கிடையாது என்று விதி இருக்கிறது. இருந்தும் பலர் வாசல் வழியே வருவதில்லை. உள்ளூர்க்காரர்கள் எலி வழி என்று சொல்லும் ஒற்றையடிப் பாதைகளில் போகிறார்கள். கடத்தல் ஆசை என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. விதி தெரியாது, தெரிந்தாலும் சீருடையைக் கண்டால் பயம், கை நீட்டுகிறவருக்குக் கொடுத்தது போக லாபம் மிஞ்சாது, இவையே காரணங்கள். இந்த வியாபாரிக்குத் தீர்வை விகிதம் ஒரு பொருட்டில்லை. இன்றைக்கு நடந்தது நாளைக்கும் நடக்குமா என்பதே அவருடைய கணக்கு.

நடக்காமல் போன நாள்கள் ஏராளம். 2017இல் கென்யாவிலிருந்து வந்த 6,400 கோழிக்குஞ்சுகளைத் தான்சானிய அதிகாரிகள் நோய் அச்சம் என்று சொல்லி எரித்தார்கள். மேய்ச்சலுக்காக எல்லை தாண்டிய மாசாய் மக்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளை ஏலம் விட்டார்கள். 2020இல் உகாண்டாப் பாலைக் கென்யா பிடித்து வைத்தது. 2021 மார்ச்சில் பூஞ்சை நச்சு இருப்பதாகச் சொல்லி உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்தை ஒரே கடிதத்தில் நிறுத்தியது. கூச்சல் எழுந்ததும் சில நாளில் நிபந்தனையோடு விட்டது. நச்சு உண்மையிலேயே ஆபத்தானது, சோதனை தேவைதான். ஆனால் சோதித்து மோசமான லோடைத் திருப்பி அனுப்புவது வேறு, ஒரு நாட்டின் விளைச்சல் முழுவதையும் ஒரே இரவில் தடுப்பது வேறு. எல்லாவற்றிலும் பெரிய பாடம் கம்பாலா–கிகாலி சாலையில் உள்ள கட்டுனா. 2019 பிப்ரவரியில் ருவாண்டா அந்த வாசலை மூடியது. முதலில் சொன்ன காரணம், அங்கே ஒற்றை நிறுத்தச் சாவடி கட்டும் வேலை நடக்கிறது என்பது! உள்ளே இருந்தது அரசியல்: உளவு, கிளர்ச்சியாளர்களுக்கு ஆதரவு என்று இரு அரசுகளும் ஒன்றையொன்று குற்றம் சாட்டிக்கொண்டிருந்தன. கட்டிடம் முடிந்தது, வாசல் 2022 ஜனவரி கடைசி வரை திறக்கவில்லை. உகாண்டாவிலிருந்து ருவாண்டாவுக்குப் போன ஏற்றுமதி ஏறக்குறைய நின்றே போயிற்று. கண்ணாடிக் கதவும் கணினியும் வைத்த புத்தம்புதுச் சாவடி, பூட்டிய வாசலில் நின்றுகொண்டிருந்தது.

இங்கே தேசியவாதிகள் ஒரு வாதத்தை வைக்கிறார்கள். வாசலைத் திறந்தே வைத்தால் தொழில் வளர்ந்த கென்யாவே எல்லாவற்றையும் அள்ளும்; பலவீனமான நாடு தன் ஆலைகளைக் காக்க வேண்டாமா? 1977இன் நினைவு இந்த வாதத்துக்குப் பலம் தருகிறது. ஆனால் மேலே சொன்ன சண்டைகளில் பாலும் மக்காச்சோளமும் எந்தத் திசையில் போயின என்று பார்க்க வேண்டும். தடுத்தது வலுத்த கென்யா. தடுக்கப்பட்டது உகாண்டா விவசாயி. ஜின்ஜாவுக்கு அருகே சாலையோரம் மைல்கணக்கில் கரும்பு நிற்கிறது. குஜராத்திக் குடும்பங்கள் உண்டாக்கி, 1972இல் இடி அமீன் விரட்டியபோது இழந்து, பின்னாளில் திரும்பி வந்து எடுத்து நடத்தும் ஆலைகள் அங்கே இருக்கின்றன. அந்தச் சர்க்கரைக்கும் கென்ய எல்லையில் அடிக்கடி முட்டுக்கட்டை விழுகிறது. நிச்சயமின்மை பலவீனருக்குக் கவசமாகும் என்ற எண்ணம் இந்தப் பாதையில் பொய்த்துப்போகிறது. பெரிய உள்நாட்டுச் சந்தை வைத்திருக்கிற நாடு அடைப்பைத் தாங்கும், கடலில்லாத நாடு தாங்காது. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் கென்யாவில் கலவரம் வெடித்து, நைரோபியின் கிபேராவில் தண்டவாளத்தைப் பெயர்த்தெறிந்தபோது, பெட்ரோலுக்குத் தவித்தது கம்பாலாவும் கிகாலியும். நலிந்த தொழிலுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் எந்தப் பொருளுக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று முன்கூட்டியே எழுதி வைத்துக் கொடுக்கட்டும். அதற்கு ஒரு சுங்கச் சங்கத்தில் இடமுண்டு.

இன்னொரு வாதம் எண்களை வைத்து வருகிறது. இந்த நாடுகள் தங்களுக்குள் செய்யும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் சுமார் 15 சதவீதம்தான். எல்லோரும் ஒரே தேயிலையையும் காப்பியையும் விளைவித்தால் யார் யாருக்கு விற்பது? எண் சரி, ஆனால் 15 சதவீதத்தைச் சிறுமை என்று சொல்லும் முன் தெற்காசியாவின் பங்கு சுமார் 5 சதவீதம் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடி வந்து கப்பலேறிக் கொழும்பு போன காலம் 1964 புயலோடு போனது நமக்குத் தெரியும். ஒரே விளைச்சல் என்ற வாதத்துக்கு மொம்பாசாவின் தேயிலை ஏலமே பதில். 1956இல் நைரோபியில் தொடங்கி 1969இல் மொம்பாசாவுக்கு வந்த அந்த ஏலத்தில் கென்யாவோடு உகாண்டா, ருவாண்டா, புருண்டி, தான்சானியா, மலாவி என்று ஏறத்தாழ பத்து நாடுகளின் தேயிலை டாலரில் விலை போகிறது. ருவாண்டாத் தேயிலை பல வாரங்களில் முதல் விலை வாங்குகிறது. போட்டியாளர்கள் ஒரே கிடங்கு, ஒரே சுவைஞர், ஒரே கப்பல் என்று செலவைப் பகிர்ந்துகொள்வதும் ஒருங்கிணைப்புதான். அதோடு, இடி அமீன் காலம், 1977 பிளவு எல்லாவற்றையும் தாண்டி அந்த ஏலம் நடந்திருக்கிறது. அதன் விதிகளை மந்திரிகள் காலையில் எழுந்து மாற்றுவது அரிது.

பணத்தின் கதையும் இப்படியே. பொது நாணயத்துக்கான ஒப்பந்தம் 2013இல் கையெழுத்தானது; பணவீக்கம் 8 சதவீதத்துக்குள், பற்றாக்குறை 3 சதவீதத்துக்குள் என்று நிபந்தனைகள்; இலக்கு 2024. அது வந்து போயிற்று, இப்போது 2031 என்கிறார்கள். கடன் சுமையும் வரவு செலவும் இப்படி வேறுபடும் எட்டு நாடுகள் ஒரே நோட்டு அடிக்க அவசரப்பட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. பொது நாணயத்தில் சேர்ந்த கிரீஸ் பட்ட பாட்டை உலகம் பார்த்தாயிற்று. அந்த மாநாடுகள் நடக்கும் காலத்திலேயே கென்ய வங்கிகள் உகாண்டா, ருவாண்டா, காங்கோ என்று கிளை பரப்பிவிட்டன. 2007இல் கென்யாவில் தொடங்கிய எம்-பெசா என்ற செல்பேசிப் பணச் சேவையின் வழியில், எல்லை வியாபாரி செல்பேசியிலேயே பணம் அனுப்பக் கற்றுக்கொண்டார். புசியாவில் கட்டுக் கட்டாக ஷில்லிங் வைத்திருக்கும் நோட்டு மாற்றுவோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் எடுக்கும் கழிவு வியாபாரிக்கு ஒரு செலவு. ஆனால் தெரிந்த செலவு, கணக்கில் வைத்துக்கொள்ளலாம். மூடிய வாசலின் செலவை யாரும் கணக்கில் வைக்க முடியாது.

நம்பிக்கை குறையும்போது பணம் வேறு வழி தேடிக்கொள்ளும். உகாண்டா தன் கச்சா எண்ணெயைக் கடலுக்குக் கொண்டுபோக 2016இல் கென்யாவை விட்டுவிட்டுத் தான்சானியாவைத் தேர்ந்தது. ஹொய்மாவிலிருந்து டாங்கா துறைமுகத்துக்கு 1,443 கிலோமீட்டர் குழாய். தான்சானியாவின் டார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து டோடோமா வரை 2024இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு உகாண்டாவும் மாலாபா–கம்பாலா ஸ்டாண்டர்ட் கேஜ் பாதைக்கு ஒரு துருக்கி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் கென்யாவின் பாதையும் வந்து சேர்ந்தால்தான் அதற்கு அர்த்தம். மொம்பாசா, டார் எஸ் சலாம் என்று இரண்டு தாழ்வாரங்கள் போட்டி போடுவது கடலில்லாத நாடுகளுக்கு நல்லதே. மொம்பாசா திமிர் காட்டினால் டார் இருக்கிறது என்ற நிலை, மொம்பாசாவையே ஒழுங்காக வைத்திருக்கும்.

இந்தப் பாதையில் போக நினைக்கும் வாசகருக்கு ஒன்று. கென்யா, உகாண்டா, ருவாண்டா குடிமக்கள் 2014 முதல் அடையாள அட்டையைக் காட்டியே ஒருவர் நாட்டுக்குள் ஒருவர் போகலாம். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு 100 டாலரில் மூன்று நாடுகளுக்கும் செல்லும் 90 நாள் பொது விசா உண்டு. தான்சானியா அதில் சேரவில்லை. நமங்கா எல்லை வழியாகத் தான்சானியாவின் அருஷாவில் உள்ள கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் தலைமையகத்தைப் பார்க்கப் போகிறவர் தனி விசா எடுக்க வேண்டும்.